யூனிட் காய்ச்சல்

டிசம்பர் 10, புதன்

இந்த நோட்டு ஹபீபா மேடத்தின் யோசனை. இந்த செமஸ்டரில் எங்களுக்குப் பிறழ்நிலை உளவியல். மனக்கோளாறுகளைப் பற்றிய பாடம். அப்பா தன் பஸ் ஸ்டாண்டு நண்பர்களிடம் "மூளை கலங்குனவங்களைப் பத்தின படிப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறார். திருத்தி அலுத்துவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே மேடம் எச்சரித்தார்.

"இந்தப் பேப்பர் படிக்கிறப்போ ஒவ்வொரு யூனிட்ல வர்ற நோயும் நமக்கே இருக்கிற மாதிரித் தோணும். எல்லா வருஷமும் நடக்கும். பயப்படாதீங்க. தோணுறதை ஒரு நோட்டுல எழுதி வைங்க. நான் வாங்கிப் பார்க்க மாட்டேன். மார்க்கும் கிடையாது."

மார்க் கிடையாது என்றதும் முப்பத்திரண்டு பேரில் பாதிப்பேர் பேனாவை மூடிவிட்டார்கள். என்னிடம் போன வருட நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சீனியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் யூனிட் காய்ச்சல். எனக்கு வராது என்று ஜெமிமாவிடம் சொன்னேன். "ஒனக்கு எதுதான் வந்திருக்கு, பசியே வர மாட்டேங்கு" என்றாள். ஜெமிமா என் அறைத்தோழி, சாத்தான்குளத்துக்காரி, ஒருநாளில் நான்கு தடவை சாப்பிடுகிறவள். அவள் கணக்குக்கு எல்லோரும் பட்டினிதான்.

பெயர், வகுப்பு எழுதாத பதிவேடு செல்லாது என்பது எங்கள் துறையின் சட்டம். எனவே: உலகம்மாள், பி.எஸ்ஸி. உளவியல், இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் தென்காசி. இருப்பு பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதி, மூன்றாம் மாடி, அறை 17. நோய் எதுவும் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

பதற்றக் கோளாறுகள் யூனிட் தொடங்கி ஐந்து நாள். வகுப்பில் பாதிக்கு மேல் காய்ச்சல். முன்பெஞ்சு சண்முகப்பிரியா தனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு நாளாகக் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜெமிமா அறையைப் பூட்டிவிட்டு மாடிப்படி இறங்கி, மறுபடி ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் முகத்தையும் பார்த்தாள்.

"ஏட்டி, இது அந்தத் திரும்பத் திரும்பப் பாக்குத வியாதியா?"

"பூட்டுனோமாங்கிற சந்தேகம் எல்லாருக்கும் வரும். ஒரு நாளைக்கு அம்பது தடவ ஏறி எறங்கு, அப்ப சொல்லுதேன்."

இப்போது விடுதியில் நான்தான் டாக்டர். சந்தேகத்தோடு வருகிறவர்களை ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் குணப்படுத்தி அனுப்புகிறேன். போகும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

காலையில் சீக்கிரம் விழிப்பு வந்துவிடுகிறது. மின்விசிறி கடகடக்கிறது. வார்டனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 19, வெள்ளி

செய்முறை வகுப்பு. கண்ணாடி வரைதல். ஒரு நட்சத்திரம் வரைந்த தாள் இருக்கும். கையைத் தடுப்பு வைத்து மறைத்துவிடுவார்கள். எதிரே உள்ள கண்ணாடியைப் பார்த்தே நட்சத்திரத்தின் மேல் பென்சிலை ஓட்டவேண்டும். ஜெமிமா பரிசோதகர், நான் சப்ஜெக்ட். எங்கள் துறையில் எல்லோரும் மாறி மாறி அடுத்தவளுக்குச் சோதனை எலிதான்.

மற்றவர்கள் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று முடித்தார்கள். எனக்குப் பதினொன்று ஆனது. பென்சில் மொட்டை. ஜெமிமாவிடம் அதைச் சொன்னேன். அவள் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டாள்.

சோதனை முடிந்ததும் சப்ஜெக்ட் தன் மனதில் என்ன நடந்தது என்று அகநோக்கு அறிக்கை எழுதித் தரவேண்டும். அதற்கு ஒரு வாசகம் இருக்கிறது. பல வருடத்து சீனியர்கள் கைமாற்றி வந்தது: "ஆரம்பத்தில் சற்றுத் தயக்கமாக இருந்தது. பிறகு ஆர்வமாக இருந்தது. சோதனை பயனுள்ளதாக அமைந்தது." ஞாபகசக்தி சோதனையோ, கவனச் சோதனையோ, விரல் வேகச் சோதனையோ, எல்லாவற்றுக்கும் இதேதான். முப்பத்திரண்டு மனதிலும் ஒரே மூன்று வரி ஓடுகிறது. நானும் எழுதிக் கொடுத்தேன். மேடம் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஒரு தடவை தலையை நிமிர்த்தினார்.

"பதினோரு நிமிஷம் ஆர்வமாவா இருந்தது உலகம்மாள்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

டிசம்பர் 27, சனி. தென்காசி

கிறிஸ்துமஸ் விடுமுறை. அம்மா மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏளா, எலும்பும் தோலுமா வந்திருக்கியே. அங்கன சோறு போடுதாவளா இல்லியா?"

விடுதிச் சாம்பாரைப் பற்றி அரைமணி நேரம் பேசி அவளைச் சிரிக்க வைத்தேன். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

பின் அறையில் சொர்ணம் அத்தை படுத்திருந்தாள். அப்பாவின் தங்கை. நான் பிறப்பதற்கு முன்பே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். கூப்பிட்டால் எழுந்து ஒரு வேலை செய்வாள், மறுபடி போய்ப் படுப்பாள். எங்கள் வீட்டில் சோம்பேறி என்றால் அத்தைதான். சின்ன வயதில் நான் எழுந்திருக்க நேரமானால் "சொர்ணத்துக்கு வாரிசு வந்தாச்சு" என்று அப்பா சிரிப்பார். அன்றைக்கெல்லாம் அலறியடித்துக்கொண்டு எழுந்து வாசல் தெளித்திருக்கிறேன்.

காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை என் முகத்தையே பார்த்தாள். அவள் யார் முகத்தையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"படுத்தா தூக்கம் வருதாளா ஒனக்கு?"

மின்விசிறி சத்தம் என்று சொல்லிவிட்டு டம்ளரைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். எங்கள் வீட்டு மின்விசிறியில் சத்தம் இல்லை.

ஜனவரி 7, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 12, திங்கள்

மனநிலைக் கோளாறுகள் யூனிட். மேடம் கரும்பலகையில் மனச்சோர்வின் ஒன்பது அறிகுறிகளை எழுதிப்போட்டார். ஐந்து இருந்து, இரண்டு வாரம் நீடித்து, அன்றாட வாழ்க்கையும் பாதித்தால் கவனிக்கவேண்டும். துக்கம் தெரியவேண்டும் என்றுகூட அவசியமில்லையாம். எதிலும் பிடிப்பில்லாமல் போனாலும் போதுமாம். சண்முகப்பிரியா எழுந்து, "ஏதாவது காரணம் இருக்கணும்லா மேடம்?" என்று கேட்டாள்.

"இருக்கலாம். இல்லாமலும் வரும். சக்கரை வியாதிக்காரர்கிட்ட போய் ஏன் வந்துச்சுன்னு சண்டை போடுவோமா?"

நான் நோட்டின் ஓரத்தில் அத்தைக்கு டிக் போட்டேன். ஏழு வந்தது. இருபது வருடமாக அவளைச் சோம்பேறி என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். மிகவும் கஷ்டமாக இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அதிசயமாக இந்த யூனிட்டுக்கு வகுப்பில் காய்ச்சல் கொஞ்சம் குறைவு. என்னிடம் ஒருத்தியும் வரவில்லை. ஜெமிமா மட்டும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினாள். ஆளுக்கு ஒரு கேஸ் ஸ்டடி செய்யவேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

"சம்மதப் படிவம். நீதான் சப்ஜெக்ட். படிச்சிட்டுப் போடு."

"எத்தன தடவ எலியா இருந்திருக்கேன். படிக்க என்ன இருக்கு?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "படிச்சிருக்கலாம்ட்டி" என்றாள்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒங்க அப்பா ஓட்டுத பஸ்ஸுலயாளா ஒனக்கு எடம் இல்ல?" என்று கேட்டாள். படிக்க நிறைய இருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான். புத்தகம் திறந்தே இருக்கிறது. மூன்று நாளாக ஒரே பக்கம்.

ஜனவரி 24, சனி

ஜெமிமாவுக்கு முற்றிவிட்டது. இன்று மாலை கதவைச் சாத்திவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"உலகு, ஒரு தடவ ஹபீபா மேடத்தப் போய்ப் பாப்பமா? நானும் வாரேன்."

"எதுக்கு?"

"நீ சரியா இல்லட்டி."

"இது யூனிட் காய்ச்சல். எல்லாருக்கும் தன் மேல வரும், ஒனக்கு அடுத்தவ மேல வந்திருக்கு. அவ்வளவுதான்."

நல்ல பதில் என்று எனக்கே தோன்றியது. இரண்டு நிமிடம் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வகுப்புக்குப் போகிறேன், எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன், போன தேர்வில் வகுப்பில் மூன்றாவது. அத்தை மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டா படுத்திருக்கிறேன்? இதை வாய்விட்டே கேட்டேன். ஜெமிமாவுக்கு அத்தையைத் தெரியாது. "எந்த அத்த?" என்றாள். நான் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன்.

மொட்டைமாடியில் காயும் என் துணிகளை இப்போதெல்லாம் அவளே எடுத்து வருகிறாள். உடற்பயிற்சியாம். நான்கு வேளை சாப்பிடுகிறவளுக்கு வேண்டியதுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன். சிக்கெடுக்க நேரம் வீணாகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஜெமிமா, தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, "இடுப்புக்குக் கீழ இருந்துச்சே" என்று மட்டும் சொன்னாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மின்விசிறியைச் சரிசெய்துவிட்டார்கள். சத்தம் நின்றுவிட்டது.

இன்றும் மூன்றரைக்கே விழிப்பு.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒழுங்காக, நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன்.

கேஸ் ஸ்டடிகளை நாங்களே ஒருவருக்கொருவர் திருத்தவேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும். கேஸில் வருகிறவரின் பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் மாற்றி எழுதியிருக்கவேண்டும். மேடம் நேற்று ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். எனக்கு வந்தது எண் 14. இன்று மதியம் வகுப்பு இல்லை. விடுதிக்கு வந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"செல்வி வ., வயது 20, நர்சிங் மாணவி, நாகர்கோவில்." தெளிவான நடை, தட்டச்சு செய்தது. எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு குறைவு, எடை இறங்கியிருக்கிறது, விடியுமுன் விழிப்பு, நடையிலும் கையிலும் மந்தம். ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு எழுதியிருந்தார்கள். அறிகுறிகளை எண்ணினேன், முதல் இரண்டு பக்கத்திலேயே ஐந்து தாண்டிவிட்டது. ஓரத்தில் எழுதினேன்: "நல்ல கவனிப்பு."

மூன்றாம் பக்கத்தில் இருந்தது இது. "மெஸ்ஸில் தன் தட்டில் சோறு வாங்குவாள். சாப்பிடாமல் கொட்டிவிட்டு, தட்டை நன்றாகக் கழுவி, ஈரத்தோடு அறை மேசைமேல் வைப்பாள். யாரும் கேட்டால் தட்டைக் காட்டுவாள்." படித்ததும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். மதிய வெயில் என்று நினைத்துத் தண்ணீர் குடித்தேன். "பத்துப் பேர் நடுவில் எல்லோரையும் சிரிக்க வைப்பாள். அறைக்கதவு சாத்தியதும் முகம் அணைந்துவிடும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஓரத்தில் அழுத்தி எழுதினேன்: "இவ்வளவு தெரிந்தும் கூட இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? உடனே மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கவேண்டும். ஒரு மார்க் குறைப்பு."

ஒன்பதாவது அறிகுறி, சாவைப் பற்றிய எண்ணம். அதற்கு நேரே, "இருமுறை கேட்டேன். இருமுறையும் வேடிக்கையாகப் பேசி மாற்றிவிட்டாள். அதனால் மொட்டைமாடிக்குத் தனியே போகவிடுவதில்லை" என்று இருந்தது.

அடுத்த வரி: "டிசம்பரில் கண்ணாடி வரைதல் சோதனையில் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டாள். பென்சில் மொட்டை என்றாள். பென்சில் அன்று காலையில்தான் சீவியது."

பழக்கதோஷம், கை தானாக எழுதியது. "நர்சிங் மாணவிக்குக் கண்ணாடி வரைதல் ஏது? தகவல் பிழை. அரை மார்க் குறை"

அந்தச் சொல்லை முடிக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மேசையில் என் தட்டு இருந்தது. கழுவி வைத்தது, ஈரம் இன்னும் காயாமல்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். "அகநோக்கு அறிக்கை. சப்ஜெக்ட் எழுத வேண்டியது" என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே முழுப்பக்கமும் வெள்ளை.

நான் திருத்துவதற்கு வாங்கி வந்த தாள் அது. மார்க் போட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும். சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலத்தை எடுத்தேன். கை பழக்கப்படி "ஆரம்பத்தில் சற்றுத் தயக்கமாக" என்று தொடங்கியது. அடித்தேன். எழுதியதை இங்கேயும் நகல் எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் நாளை நான் இதை இல்லை என்று சொல்லக்கூடும்.

"ஆரம்பம் எப்போது என்று தெரியவில்லை. ஐப்பசி மழையின்போது ஒருநாள் பல் தேய்க்க எழுந்தேன், தேய்க்காமல் திரும்பிப் படுத்தேன். பெரிதாக அழுகை இல்லை. எனக்கு எந்தக் குறையும் இல்லை, அதனால் சொல்ல வெட்கமாக இருந்தது. சிக்கெடுக்க நேரம் வீண் என்று சொன்னது பொய். கையைத் தலைவரை தூக்கமுடியவில்லை. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பும்போது அதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒருவர் இருபது வருடமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நானும் அப்படி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மிகவும் பயமாக இருக்கிறது. ஒன்பதாவது கேள்விக்குப் பதிலை எழுத முடியவில்லை. நேரில் கேட்டால் இந்த முறை பேச்சை மாற்றமாட்டேன்."

ஜெமிமா நூலகத்திலிருந்து வந்தாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கண்ணாடி வரைதலை எடுக்க மறந்துட்டியேட்டி" என்றேன்.

அவள் உட்கார்ந்து அழுதாள். நான் அழவில்லை, அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு மார்க் குறைத்ததை அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அழுகையோடு சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒன்பதாவது கேள்வியை மூன்றாம் முறை கேட்டாள். சொன்னேன்.

ஐந்து மணிக்கு இருவரும் ஹபீபா மேடத்தின் அறைக்குப் போனோம். மேடம் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

பெரியாஸ்பத்திரி, மனநலப் பிரிவு. மேடம் முன்பே பேசி வைத்திருந்தார். அம்மா விடியற்காலைப் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் ஜெமிமா நின்றாள். "என்ன வியாதி?" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டதற்கு என் அம்மா, "தூக்கம் வரலக்கா, பிள்ளைக்கு" என்றாள். அந்த அம்மாள், "எம் மவனுக்கும் அதான்" என்று நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.

டாக்டர் ஒன்பது கேள்விகளையும் கேட்டார். எனக்கு வரிசை மனப்பாடம், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல நேரமானது. மாத்திரை கொடுத்திருக்கிறார். முதலில் தூக்கம் சரியாகும், மற்றதெல்லாம் சில வாரம் பிடிக்குமாம். வாரம் ஒருமுறை மேடத்திடம் பேசவேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரவேண்டும்.

வெளியே வந்ததும் ஜெமிமாவிடம் கேட்டேன்.

"பதினாலு எனக்குக் குலுக்கல்ல வந்ததா?"

"மேடம் என்ட்ட என் நம்பர் எதுன்னு மட்டும் கேட்டாவ. கேஸ் யாருன்னு கேக்கல."

விடுதிக்குத் திரும்பியதும் அம்மா இரண்டு இட்லியை என் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை சாப்பிட்டேன். தட்டைக் கழுவ விடவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஐந்தரை மணிவரை தூங்கினேன். வேறு எதுவும் மாறவில்லை. நட்சத்திரத்தை இன்று வரைந்தாலும் பதினொரு நிமிடம் ஆகும் என்றுதான் தோன்றுகிறது. யூனிட் நான்கு நடக்கிறது. சண்முகப்பிரியா வந்து சந்தேகம் கேட்டாள். டாக்டர் தொழிலை விட்டுவிட்டேன், மேடத்திடம் போ என்றேன்.

பிப்ரவரி 28, சனி

வீட்டுக்குப் பேசினேன். அம்மாவிடம், போனை அத்தையிடம் கொடு என்றேன். அப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை. அம்மா பின் அறைக்குப் போவதும், போனை நீட்டிப் 'பேசு' என்பதும் கேட்டது. அத்தையின் மூச்சு மட்டும்.

"அத்த, டிசம்பர்ல ஒண்ணு கேட்டிய. படுத்தா தூக்கம் வருதான்னு. எனக்கு வரல அத்த. நாலு மாசமா வரல. இப்பதான் மருந்து சாப்பிடுதேன்."

அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஒங்களுக்கு வருதா?"

அத்தை சொன்னாள். "யாரும் கேக்கலியே பிள்ளே."

அப்பா போனை வாங்கினார். அத்தையையும் டாக்டரிடம் காட்டவேண்டும் என்றேன். திங்கட்கிழமை முதல் டிரிப்பில் முன்சீட்டை யாருக்கும் கொடுக்கமாட்டேன், தங்கச்சியைக் கூட்டி வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போய் வரிசையில் நிற்கவேண்டும். இரண்டு ஓ.பி. சீட்டு.